வட சென்னைக்குப் பல்லுயிரால் என்ன லாபம்?

திருவொற்றியூரில் இருந்து ஒரு கல்லூரித் தம்பி கேட்டிருக்கிறார்: "பல்லுயிர் முக்கியம் என்று பள்ளியிலிருந்து படிக்கிறோம். எங்கள் பக்கம் இருப்பது துறைமுகம், கன்டெய்னர் லாரி, புகைபோக்கி. ஒரு நண்டு வகையோ கொக்கு வகையோ இல்லாமல் போனால் மனிதனுக்கும் சமூகத்துக்கும் உண்மையில் என்ன நஷ்டம் சார்? வேலைவாய்ப்பை விட அது பெரிதா?"

தண்டையார்பேட்டையில் பிறந்து விலங்கியல் பாடம் நடத்தியே காலம் தள்ளியவன் நான். இந்தக் கேள்விக்குப் பாடப்புத்தகம் தரும் பதில் தெரியும்: உணவு, மருந்து, மகரந்தச் சேர்க்கை, சுற்றுலா, அழகு. ஐந்து மதிப்பெண் கிடைக்கும். அந்தப் பட்டியலில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதை மட்டும் படித்தவர், "சரி, பயனுள்ள பத்து உயிரை வைத்துக்கொள்வோம், மற்றது போகட்டும்" என்ற முடிவுக்குத்தான் வருவார். உங்கள் கேள்வியிலும் அந்த வாடை இருக்கிறது. தப்பில்லை.

என் பதில் சுருக்கமாக இது. எந்தெந்த உயிர் நமக்கு என்ன கொடுக்கிறது என்பதைவிட, ஒன்று விழும்போது அதன் வேலையைத் தாங்க வேறொன்று பக்கத்தில் இருக்கிறதா என்பதில்தான் பல்லுயிரின் மதிப்பு அடங்கியிருக்கிறது. அந்தத் தாங்கல் போய்விட்டால் பணம் கொடுத்து மாற்று வாங்கலாம், வாங்க முடிந்தவர்கள் வாங்குவார்கள். மற்றவர்கள் உடம்பாலும் பட்டினியாலும் கொடுப்பார்கள். இதைப் பார்க்க அமேசான் காட்டுக்குப் போக வேண்டாம். எண்ணூர் போதும்.

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம் எண்ணூர் கழிமுகம். வடக்கே பக்கிங்காம் கால்வாய் வழியாகப் பழவேற்காடு ஏரியோடு தொடர்பு. ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி அது. நம் ஆட்கள் "ஆறு" என்றுதான் சொல்வார்கள். "ஆத்துல தொழில் பண்றோம்" என்பார்கள். மழைக்காலத்தில் மேலேயிருந்து நன்னீர் இறங்கும், கோடையில் கடல் உள்ளே ஏறும். உப்பின் அளவு மாதத்துக்கு மாதம் மாறும். அதனால் ஒரு மாதம் பிழைக்கும் உயிர் அடுத்த மாதம் ஒதுங்கும், வேறொன்று வரும். மடவை, கிழங்கான், ஊடான், கொடுவா, பச்சை நண்டு, மஞ்சள் மட்டி, நாலைந்து வகை இறால். ஒன்று ஓயும்போது இன்னொன்று தொடங்குவதால்தான் ஒரு குடும்பம் வருடம் முழுக்க உலை வைக்க முடிந்தது.

இதில் வெள்ளை இறாலின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பலருக்கும் தெரியாத கதை. அது முட்டையிடுவது கடலில். ஒரு தாய் இறால் லட்சக்கணக்கில் முட்டை விடும். பொரித்த குஞ்சு பார்க்க இறால் மாதிரியே இருக்காது. பல தடவை சட்டை உரித்து உருமாறி, இரண்டு மூன்று வாரத்தில் ஊசி முனையளவு இறாலாகி, ஏறுகிற கடல் ஓதத்தோடு கழிமுகத்துக்குள் நுழையும். உள்ளே கண்டல் (அலையாத்தி மரம்) வேரிலும் சேற்றிலும் ஒளிந்து சில மாதம் தின்று வளர்ந்து, வடிகிற வெள்ளத்தோடு கடலுக்குத் திரும்பும். கடலில் பிடிபட்டு காசிமேட்டில் ஏலம் போகும் வெள்ளை இறாலும் பிள்ளைப் பருவத்தை இப்படி ஏதோ ஒரு கழிமுகத்தில் கழித்ததுதான். மடவைக்கும் ஏறத்தாழ இதே வழக்கம்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளைக் கரையில் கட்டிப்போடுகிறோம், மீன் பெருகட்டும் என்று. நல்லதுதான். ஆனால் கழிமுகத்தின் சேறு செத்துவிட்டால் கடலில் தடைக்காலம் போட்டு இறாலை எப்படிப் பெருக்குவது? குட்டி வளரும் தொட்டிலே இல்லையே.

அந்தச் சேறு எதனால் உயிரோடு இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. நண்டு வளை தோண்டுகிறது, காற்று உள்ளே போகிறது. கடற்புழு மண்ணைத் தின்று புரட்டுகிறது. மட்டி தண்ணீரை உறிஞ்சி வடிகட்டி விடுகிறது. கண்டலின் உதிர்ந்த இலையைப் பூஞ்சையும் பாக்டீரியாவும் நொதிக்க வைக்க, அதை இறால் தின்கிறது. இந்தக் கடற்புழுவுக்கு ஒரு சந்தை இருப்பது தெரியுமா? இறால் குஞ்சு பொரிப்பகங்களில் தாய் இறாலுக்குக் கொடுக்கும் முக்கிய தீவனங்களில் அது ஒன்று. நம் பக்கத்து உப்பங்கழிகளில் ஆட்களை விட்டுத் தோண்டி எடுத்துப் போகிறார்கள். யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு புழுவின் மேல் ஏற்றுமதித் தொழில் ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

சரி, இப்போது காக்கா ஆழிக்கு வருகிறேன். உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

காக்கா ஆழி என்று எண்ணூர்க்காரர்கள் பெயர் வைத்திருப்பது ஒரு கருப்பு நிறச் சிப்பிக்கு. அறிவியல் பெயர் மைடெல்லா ஸ்ட்ரைகேட்டா. சொந்த ஊர் மத்திய, தென் அமெரிக்கக் கடற்கரைகள். சிங்கப்பூர், தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், கேரளத்தின் அஷ்டமுடி, வேம்பநாடு எல்லாம் பரவி, நம் ஆற்றிலும் படிந்துவிட்டது. சரக்கில்லாமல் வரும் கப்பல் ஆடாமல் இருக்கத் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொள்ளும். சரக்கேற்றும் துறைமுகத்தில் அதைக் கொட்டும். கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் அந்தத் தண்ணீரில் பயணம் செய்யும். கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டும் வரும். இதைத் தடுக்கத்தான் 2004-ல் உலகக் கடல்சார் அமைப்பு ஓர் ஒப்பந்தம் போட்டது. அது நடைமுறைக்கு வர 2017 ஆயிற்று. அதற்குள் உலகம் முழுக்க எத்தனையோ உயிர்கள் ஊர் மாறிவிட்டன.

இந்தச் சிப்பி ஆற்றின் அடியில் கம்பளம் விரித்த மாதிரி ஒன்றோடொன்று நூல் கட்டி அடர்ந்து வளரும். உப்பு கூடினாலும் குறைந்தாலும் தாங்கும், அழுக்கையும் தாங்கும். அது மூடிய இடத்தில் இறால் மண்ணில் புதைய முடியாது. மஞ்சள் மட்டிக்கு இடமில்லை. வலை இழுத்தால் கிழியும். கால் வைத்தால் வெட்டும். மீனவர்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை இதைக் கொண்டுபோனார்கள்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆற்றில் உயிர் குறைந்துவிட்டதா? எடை போட்டால் ஒருவேளை முன்னைவிடக் கூடுதலாகவே இருக்கும். டன் கணக்கில் சிப்பி! பல வகை இருந்த இடத்தில் ஒரே வகை இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்தில் ஒரு ஊரின் தொழில் நின்றுபோகிறது. இடத்தில் பச்சை இருக்கிறதா, உயிர் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பவர்களுக்கு இது பிடிபடாது. சீமைக் கருவேல மரம் மண்டிய ஏரியைக் காட்டி "காடு இருக்கிறதே" என்பவர்கள் உண்டு, என்ன செய்வது.

வந்தேறி உயிர் எல்லாமே கெடுதல் என்று நான் சொல்லவில்லை. மிளகாயும் தக்காளியும் அமெரிக்காவிலிருந்து வந்தவைதான். அவை இல்லாமல் நம் வீட்டில் மீன் குழம்பு கிடையாது. ஏற்கனவே கழிவாலும் அனல் மின் நிலையச் சாம்பலாலும் நொந்துபோன ஓர் ஆற்றுக்குள் காக்கா ஆழி வந்ததுதான் சிக்கல். நோஞ்சானை நோய் சுலபமாகப் பிடிக்கும். மட்டியும் புழுவும் நண்டும் நிறைந்து இடம் அடைத்துக்கொண்டிருக்கும் ஆற்றில் புது ஆள் கால் ஊன்றுவது கடினம். இதுவும் பல்லுயிர் செய்யும் ஒரு வேலைதான்: வாசலில் காவல்.

ஒரே வகையை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இறால் பண்ணைகளே சாட்சி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிழக்குக் கரை முழுக்கப் புலி இறால் பண்ணை போட்டார்கள். 1994, 95 வாக்கில் வெண்புள்ளி வைரஸ் வந்தது. குளம் குளமாகச் செத்து மிதந்தது. பிறகு 2009-ல் வன்னாமிக்கு அனுமதி கிடைத்தது. பசிபிக் ஓரத்து அமெரிக்க இறால் அது. இன்று ஏற்றுமதியாகும் வளர்ப்பு இறாலில் பெரும்பங்கு அதுதான். தாய் இறால்கள் வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்து, நம் நீலாங்கரையில் இருக்கும் தனிமைப்படுத்தும் நிலையத்தில் தங்கி, நோய் இல்லை என்று உறுதியான பிறகுதான் பொரிப்பகங்களுக்குப் போகின்றன. ஒரே இனம், அதிலும் குறுகிய பரம்பரை. அதற்கும் இப்போது நோய்கள் வந்துவிட்டன. இதற்கு மாற்றாகச் சாந்தோமில் தலைமையகம் கொண்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் எதைத் தேடிப் போனது தெரியுமா? நம் நாட்டு வெள்ளை இறாலை. அதாவது எண்ணூர் ஆற்றில் ஓதத்தோடு ஏறி வருகிறதே, அந்த இறால்.

கடலில் இருக்கும் காட்டு இறாலிடம் பல்லாயிரம் விதமான மரபணுச் சேர்க்கை இருக்கிறது. எது எந்த நோயைத் தாங்கும் என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் எல்லாவற்றையும் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

நெல்லில் இது ஏற்கனவே நடந்தது. அறுபது, எழுபதுகளில் ஆசியாவின் புதிய குட்டை ரகங்களைப் புல் குட்டை வைரஸ் தாக்கியது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்துப் பார்த்தது. எதிர்ப்புச் சக்தி கிடைத்தது உத்தரப் பிரதேசத்திலிருந்து போயிருந்த ஒரைசா நிவாரா என்ற காட்டு நெல்லின் ஒரே ஒரு மாதிரியில். விளைச்சல் கிடையாது, மணி உதிர்ந்துவிடும், களை என்று பிடுங்கி எறிகிற புல். அதன் மரபணு சேர்ந்த ரகங்கள் பின்னால் ஆசியா முழுக்கக் கோடிக்கணக்கான ஏக்கரில் விளைந்தன. அந்தக் காட்டு நெல் முளைத்த நீர்க்குட்டையைத் தூர்த்து யாராவது வீட்டுமனை போட்டிருந்தால்?

நம் பக்கத்துக்கும் இது நேரடியாகப் பொருந்தும். மீஞ்சூர்ப் பக்கம் சென்னைக்காக நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி, கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. அறுபதுகளின் கடைசியிலிருந்தே பதிவாகியிருக்கும் சேதம் இது. உப்பேறிய மண்ணில் இன்றைய ஒட்டு ரகங்கள் திணறும். களர்ப்பாளை, குழியடிச்சான் போன்ற நம் பழைய நெல்கள் உவரைத் தாங்கும். கேரளத்துப் பொக்காளியும் அப்படித்தான். அதன் உப்பு தாங்கும் மரபணுப் பகுதியைத்தான் உலகம் முழுக்க நெல் ஆராய்ச்சியாளர்கள் புதிய ரகங்களுக்குள் ஏற்றுகிறார்கள். உலகப் பயிர் விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு வெறும் 9 பயிர்களிலிருந்து வருகிறது என்று ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு 2019-ல் கணக்குச் சொன்னது. கையிருப்பு அவ்வளவு சிறியது.

இடையில் ஒரு வாட்ஸ்அப் விஷயம். "தேனீ அழிந்தால் மனிதன் நாலு வருடத்தில் அழிவான் என்று ஐன்ஸ்டீன் சொன்னார்" என்று அடிக்கடி வருகிறது. அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் எதுவும் இல்லை; தகவலும் சரியில்லை. நெல்லுக்குத் தேனீ வேண்டாம், உளுந்துக்கும் பெரிதாக வேண்டாம். ஆக இட்லி பிழைத்துவிடும். ஆனால் பூசணி, பாகல், புடலை காய்க்காது. முருங்கைக்கு மரத்தைத் துளைக்கும் கரிய பெருவண்டு வர வேண்டும். மாம்பூவுக்கு ஈ வேண்டும். பயிர் வகைகளில் முக்கால் பங்கு ஏதோ ஓரளவுக்காவது பூச்சி, பறவை, வௌவாலை நம்பியிருக்கிறது. மொத்த விளைச்சலின் எடையில் அது மூன்றில் ஒரு பங்கு. வயிறு நிரம்பும், சத்து குறையும். உண்மை இவ்வளவு கெட்டதாக இருக்கும்போது மிகைப்படுத்தி எதற்குப் பேச வேண்டும் என்பதுதான் என் எரிச்சல்.

"ஒரு பறவை போனால் என்ன" என்று கேட்டீர்கள். பாறுக் கழுகைப் பற்றித் தெரிந்தால் அந்தக் கேள்வியை மாற்றிக் கேட்பீர்கள். தொண்ணூறுகளில் இந்தியாவின் பாறுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. வெண்முதுகுப் பாறு 1992-க்கும் 2007-க்கும் இடையில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குச் சரிந்தது. காரணம் 2004-ல் தெரிந்தது: மாடுகளுக்கு வலிக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக். செத்த மாட்டைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் போனது. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. அதற்குள் பாறு தின்ன வேண்டிய பிணம் நாய்க்குப் போனது, நாய் பெருகியது, தண்ணீரில் கிருமி கலந்தது. பாறு இருந்த மாவட்டங்களையும் இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டு இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2024-ல் வெளியிட்ட கணக்குப்படி, 2000 முதல் 2005 வரையான காலத்தில் மட்டும் கூடுதலாக இறந்த மனிதர்கள் சுமார் 5 லட்சம். சம்பளமில்லாத துப்புரவுத் தொழிலாளியை நீக்கியதற்கு நாடு கொடுத்த விலை. நாய் இருக்கிறதே, காக்கை இருக்கிறதே என்றால், பாறு ஒரு மாட்டை எலும்பாக்கும் வேகமும் அதன் வயிற்று அமிலத்தில் கிருமி சாகும் திறனும் அவற்றுக்கு இல்லை. அந்த வேலைக்கு நாட்டில் மாற்று ஆள் இல்லாமல் போயிற்று. தமிழ்நாட்டில் இன்று மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம்தான் கொஞ்சம் மிச்சம்.

மருந்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், எல்லோரும் சொல்வதுதான். ஒன்று மட்டும்: சுடுகாட்டு மல்லி என்று நாம் ஒதுக்குகிற நித்திய கல்யாணி. கல்லறை ஓரம், மணல் திட்டு என்று கேட்பாரற்று வளரும் மடகாஸ்கர் செடி. அதிலிருந்து எடுத்த வின்கிரிஸ்டின் 1963-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது; குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு இன்றும் அடிப்படை மருந்து. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் பாம்புக்கடிக்குப் போடுவார்களே, அந்த ஊசி மருந்துக்கு நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் விஷமும் வேண்டும். அதைச் சேகரித்துத் தருவது 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், வடநெம்மேலியில் இருக்கிறது. பாம்பும் வேண்டும், பாம்பைத் தெரிந்த மனிதர்களும் வேண்டும்.

இருளர் என்றதும், சமூகத்துக்கு என்ன என்ற பாதிக்கு வந்துவிட்டோம். இதைத்தான் பாடப்புத்தகம் ஒரு வரியில் தாண்டிவிடுகிறது.

எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரை இருளர் பெண்கள் இடுப்பளவு, மார்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, வெறுங்கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள். பனையோலையில் முடைந்த பறி ஒன்றைப் பல்லில் கவ்வியிருப்பார்கள். பிடித்தது அதற்குள் போகும். படகு வேண்டாம், வலை வேண்டாம், முதல் வேண்டாம், யாரிடமும் கடன் வேண்டாம். கையில் ஒன்றும் இல்லாத ஒரு பெண்ணுக்கு அந்தச் சேறு கொடுக்கும் சுதந்திரம் எந்தத் திட்டத்திலும் கிடையாது. காக்கா ஆழி படிந்த இடத்தில் கை வைத்துப் பாருங்கள், என்ன ஆகும் என்று புரியும்.

பழவேற்காட்டில் பாடு முறை என்று ஒன்று உண்டு. ஏரியின் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை போடுவது என்பதை ஊர்கள் முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும். நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காது. எல்லோருக்கும் சுற்றி வரும். காவல் நிலையமும் நீதிமன்றமும் இல்லாமல் பல தலைமுறையாக ஓடிய நிர்வாகம். அதைப் புனிதமாக்கவும் வேண்டாம். பாடு முறையில் பங்கு குறிப்பிட்ட சாதி ஆண்களுக்குத்தான். இருளருக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. இருந்தாலும், வேறு வேறு இடத்தில் வேறு வேறு பருவத்தில் வேறு வேறு மீன் இருந்ததால்தான் அப்படிப் பிரிக்கவே முடிந்தது. ஏரியில் வகை குறையக் குறைய, பிரிக்க ஒன்றும் இல்லாமல், ஊருக்கும் ஊருக்கும் சண்டை வருகிறது. உயிர் வகை குறைந்தால் மனிதருக்குள் உறவும் கெடும் என்பதை நான் படித்தது புத்தகத்தில் இல்லை, இந்தக் கரையில்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் ஆற்றில் இறங்கியது. கூழைக்கடா சிறகெல்லாம் கருப்பு. காட்டுக்குப்பத்து ஆட்கள் பக்கெட்டாலும் மக்காலும் எண்ணெயை மொண்டார்கள், 2017 ஜனவரி 28-ல் இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியபோது எர்ணாவூரில் மொண்டது போலவே. அரசு நிவாரணம் அறிவித்தது: 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000. ஒரு குடும்பத்தின் ஆறு போனதற்குப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு! இறால் வரவில்லை, வந்ததையும் "எண்ணூர் இறாலா?" என்று கேட்டு யாரும் வாங்கவில்லை. படகில்லாமல் கையால் பிடிப்பவர், கூறு போட்டு விற்கும் ஆயா, வலை தைக்கும் தாத்தா எல்லாம் எந்தப் பட்டியலில் வருவார்கள்?

இயற்கைக்கு விலை போடும் முயற்சிகள் உண்டு. 1997-ல் ஒரு குழு உலக இயற்கை செய்யும் சேவையின் மதிப்பு ஆண்டுக்குச் சராசரியாக 33 லட்சம் கோடி டாலர் என்றது. அன்றைய உலக மொத்த உற்பத்தி 18 லட்சம் கோடிதான். பெரிய எண். எனக்கு அதில் ருசி இல்லை. அதைவிட 2010 வாக்கில் பவன் சுக்தேவ் தலைமையில் ஐ.நா. ஆதரவோடு வந்த ஆய்வு ஒன்று சொன்னது முக்கியம்: நாட்டின் மொத்தக் கணக்கில் காடு, மீன், சிறு விவசாயத்தின் பங்கு சின்னதாகத் தெரியும், ஏழைகளின் வரவை மட்டும் தனியாக எடுத்தால் இந்தியாவில் அதில் சுமார் 47 விழுக்காடு இயற்கையிலிருந்து நேராக வருகிறது. ஓர் ஆறு கெட்டால் நாட்டின் ஜிடிபியில் புள்ளிகூட அசையாது. தாழங்குப்பத்தில் ஒரு வீட்டின் வருமானம் பாதியாகும். எந்தக் கணக்கை வைத்துப் பார்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இப்போது வேலைவாய்ப்பு. மின்சாரம் வேண்டாம், துறைமுகம் வேண்டாம் என்று சொல்லும் ஆள் நான் இல்லை. காசிமேட்டு ஐஸ் மின்சாரத்தில்தான் உறைகிறது. ஆனால் எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-ல் ஓடத் தொடங்கி 2017-ல் மூடப்பட்டது. 47 வருடம். ஒரு மனிதனின் பணிக்காலத்தைவிடச் சற்றுக் கூட. ஆறு அதற்கு முன்பு எத்தனை தலைமுறைக்குச் சோறு போட்டது என்று நெட்டுக்குப்பத்துப் பெரியவர்களைக் கேளுங்கள். தொழிற்சாலை வேலைக்கு ஓய்வு உண்டு, ஆட்குறைப்பு உண்டு, மூடுவிழா உண்டு. அந்த நாளில் திரும்பிப் போக ஆறு இருந்தால் ஒரு கதி, சாம்பல் மேடாகிவிட்டால் வேறு கதி. ஆலைக்கும் ஆற்றுக்கும் இடையில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று உங்களிடம் சொல்பவர், சாம்பலைக் குழாய் ஒழுகாமல் கொண்டுபோகும் செலவை மிச்சம் பிடிக்கிறவராக இருக்கலாம். அண்ணா நகரில் யாரும் இந்தத் தேர்வை எழுதச் சொல்லவில்லையே, நம்மை மட்டும் ஏன் எழுதச் சொல்கிறார்கள்?

வெள்ளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புழல் உபரி நீரும் கொசஸ்தலையும் கடலுக்குப் போகும் வாய் இதுதான். தண்ணீர் பரந்து நிற்க இடம் கொடுப்பது நிலத்தின் வேலை, உயிரின் வேலை இல்லை என்று நீங்கள் மடக்கலாம். பாதி சரி. அந்த நிலம் கரையாமல் இருப்பது கண்டலும் உமரியும் மண்ணைப் பிடித்திருப்பதால். உமரியைக் கீரையாகவும் சமைப்பார்கள், உப்புப் போட வேண்டாம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கடலூர்ப் பக்கம் பார்த்தபோது, அலையாத்தியும் மரங்களும் முன்னால் நின்ற ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது. எவ்வளவு குறைவு என்பதில் ஆய்வாளர்களுக்குள் சண்டை உண்டு. மேட்டில் இருந்த ஊர்கள்தான் தப்பின என்றும் சிலர் வாதிட்டார்கள். அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. மணலிக்காரர்களுக்கு 2023-ல் தண்ணீர் எத்தனை நாள் வடியாமல் நின்றது என்பதில் மட்டும் யாருக்கும் சண்டை இல்லை.

கடைசியாக, நீங்கள் என்ன செய்யலாம் என்று. மரம் நடும் விழாவுக்குப் போகலாம், தப்பில்லை, ஆனால் அதில் எனக்கு நம்பிக்கை குறைவு. 2002-ல் வந்த பல்லுயிர்ச் சட்டத்தின் 41-வது பிரிவு ஒன்று சொல்கிறது: ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும். அந்தக் குழுவின் முக்கிய வேலை மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிப்பது. எந்த உயிர், உள்ளூர்ப் பெயர் என்ன, எந்தப் பருவத்தில் எங்கே இருக்கும், யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று ஊர் மக்களைக் கேட்டு எழுதும் ஆவணம். தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகமே நம் தரமணியில் இருக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். சென்னை மாநகராட்சியில் திருவொற்றியூர் மண்டலம் 1, மணலி மண்டலம் 2. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணம் கட்டி மூன்று கேள்வி எழுதுங்கள். மாநகராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவில் யார் யார் உறுப்பினர்கள்? பதிவேட்டில் எண்ணூர் ஆறு பற்றிய பக்கங்களின் நகல் வேண்டும். அவற்றை எழுதும்போது முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் மக்களில் யாரைக் கேட்டார்கள்? பதில் 30 நாளுக்குள் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்ய இன்னொரு 30 நாள் இருக்கிறது.